மண்ணும் க்ளேயும்: பிசைதல் குறித்துச் சில குறிப்புகள்

1

என் மகளுக்கு நான்கு வயது. அவளைச் சேர்த்த பள்ளியில் வாங்கிவரச் சொன்ன சாமான் பட்டியலில் 'க்ளே – ஒரு பெட்டி, 12 கலர்' என்று இருந்தது. வாங்கிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது வாசலில் அந்தப் பெட்டியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் அம்மா தண்ணித்தொட்டி ஓரத்து ஈர மண்ணில் ஒரு உருண்டை பிடித்து, "இந்தா கண்ணு, இதுலயும் பண்ணலாஞ் சாமி" என்று நீட்டினார். மகள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அம்மிச்சி, அது மண்ணு, சீ. இது க்ளே."

அகராதியில் இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்தான். ஆனால் ஒன்று 'சீ', மற்றது கல்வி உபகரணம். நான்கு வயதுக்குள் இந்த வேறுபாடு எப்படி அவளுக்குள் போய்ச் சேர்ந்தது? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'க்ளே' என்று பெயர் போட்டு விற்கிற பெட்டியில் களிமண்ணே கிடையாது. பெட்டியில் வருவது பெரும்பாலும் சுண்ணாம்புத்தூளும் மெழுகும் எண்ணெயும் கலந்தது. டப்பாவில் வரும் மெதுவான ரகம் கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும். ஆக, மண் இல்லாததற்கு மண்ணின் பெயரை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, மண்ணைத் தமிழில் அழுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம்.

நம் விமர்சகர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக 'மண்வாசனை' என்ற சொல்லைச் சலிக்காமல் பயன்படுத்தி வருகிறார்கள். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) தமிழின் முதல் வட்டார நாவல் என்று பேசப்படுவதால் கொங்குநாட்டுக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிரதியில் மண் மணக்க வேண்டும், பிள்ளை கையில் மட்டும் ஒட்டக்கூடாது என்பது என்ன நியாயம்? பிசைகிற பொருளின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்று தோன்றியது. யார் செய்வது, யார் விளையாடுவது, யார் சிதைப்பது என்ற கேள்விகள் அந்த வரலாற்றுக்குள்ளேயே கிடக்கின்றன.

2

முதலில் டப்பாவின் கதை. 1897-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட், தம் சிற்ப மாணவர்களுக்காக உலராத ஒரு செயற்கைக் களிமண்ணை உருவாக்கினார். சாதாரணக் களிமண் காற்றுப் பட்டால் காய்ந்து வெடித்துவிடும். மாணவர் அடுத்த நாள் வந்து திருத்த முடியாது. தண்ணீருக்குப் பதில் எண்ணெய்ப்பசை சேர்த்தால் காயாது என்பதுதான் யோசனை. 'பிளாஸ்டிசின்' என்று பெயரிட்டார். 1900-இல் பக்கத்துப் பாத்தாம்ப்டன் கிராமத்தில் தொழிற்சாலை வந்தது. கலைக்கூடத்துக்காகப் பிறந்தது குழந்தைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மாவுக் கதை அமெரிக்காவில் நடக்கிறது. சின்சினாட்டி நகரில் 'குட்டால்' என்ற சோப்புக் கம்பெனி. 1930-களில் அங்கே வீடுகளை நிலக்கரி எரித்துச் சூடாக்குவார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பூப்போட்ட காகிதத்தில் கரி படியும். காகிதத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. அதனால் பிசைந்த மாவு போன்ற ஒரு பொருளைச் சுவரில் உருட்டிக் கரியை ஒற்றி எடுப்பார்கள். குட்டால் 1933 முதல் இந்தச் 'சுவர் துடைப்பு மாவை'த் தயாரித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலக்கரி போய் எரிவாயு வந்தது. தண்ணீர் விட்டுத் துடைக்கக்கூடிய வினைல் சுவர்க்காகிதமும் வந்தது. மாவுக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் கம்பெனியை நடத்திய ஜோ மெக்விக்கரின் உறவினரும் மழலையர் பள்ளி ஆசிரியையுமான கே ஸூஃபால் அந்த மாவைத் தம் பள்ளிக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் விடவில்லை. 'ப்ளே-டோ' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 1956-இல் அது பொம்மையாகச் சந்தைக்கு வந்தது. நோவா மெக்விக்கர், ஜோ மெக்விக்கர் பெயர்களில் காப்புரிமை 1965-இல் கிடைத்தது. ஆசிரியையின் பெயர் காப்புரிமையில் இல்லை. கம்பெனிகள் கைமாறி, 1991 முதல் அது ஹாஸ்ப்ரோவின் சொத்து. 2018-இல் அந்த மாவின் வாசனையையே ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் வணிக முத்திரையாகப் பதிவுசெய்துகொண்டது. நாம் மண்வாசனையை விமர்சனக் கலைச்சொல்லாக வைத்திருக்கிறோம். அவர்கள் மாவு வாசனையைச் சொத்தாகவே எழுதி வாங்கிவிட்டார்கள்.

ரொலாந் பார்த் 1957-இல் வெளிவந்த 'புராணங்கள்' நூலில் பொம்மைகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிச் செய்த பொம்மைகள் குழந்தையை உடைமையாளனாகவும் பயன்படுத்துபவனாகவும் மட்டுமே ஆக்குகின்றன, படைப்பவனாக ஆக்குவதில்லை என்பது அவர் வாதம். வால்டர் பெஞ்சமின் அதற்கு முன்பே, 1928-இல், குழந்தைகளை ஈர்ப்பது கடை பொம்மைகளைவிடத் தையல், தச்சு, கட்டட வேலைகளில் மிஞ்சும் கழிவுதான் என்று எழுதினார். இந்த இருவரையும் சேர்த்து வாசித்தால் மாவின் இடம் விளங்கும். அது கழிவிலிருந்து வந்தது. முன்தீர்மானிக்கப்பட்ட வடிவம் எதுவும் அதற்கு இல்லை. யானை செய்யலாம், பிடிக்காவிட்டால் அமுக்கிவிட்டுப் பாம்பு செய்யலாம். அமுக்கிய யானைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: பிசைபொருளின் சாரம் உருவாக்குவதில் இல்லை, தான் செய்ததைத் தானே சிதைக்கும் உரிமையில் இருக்கிறது. இந்த உரிமை நம்மூரில் யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று பார்ப்பதுதான் பிசைதலின் அரசியல்.

3

நான் முதன்முதலில் பிசைந்தது மண்ணும் இல்லை, க்ளேயும் இல்லை. மைதாப் பசை. அப்பா கோவையில் மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். கூட்டம், வேலைநிறுத்தம் என்றால் ராத்திரி எங்கள் வீட்டு அடுப்பில் பெரிய டப்பாவில் பசை காயும். கட்டி தட்டாமல் கிண்டுவது அம்மா. கொஞ்சம் மயில்துத்தம் போடுவதற்கு முன்னால், "அம்மிணி, இந்தா" என்று ஒரு கரண்டி பசையை எடுத்துத் தனியாக ஆறவைத்து, வறண்ட மாவு தூவி உருட்டி அப்பா என் கையில் தருவார். மயில்துத்தம் பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் விஷம், குழந்தை தொடக்கூடாது. சுவரொட்டி ஒட்டக் கிளம்பும்போது என் மாவுப் பொம்மைகள் திண்ணையில் வரிசையாக இருக்கும். இதைப் படிக்கிற தோழர்களில் பலர் வீட்டிலும் இப்படி நடந்திருக்கும். சின்சினாட்டியில் மாவு சுவரைத் துடைத்தது, கோவையில் மாவு சுவரில் எழுத்தை ஒட்டியது. இரண்டு இடத்திலும் மிச்சம் குழந்தைக்குப் போனது.

ப்ளே-டோ சந்தைக்கு வந்த அதே 1956-இல்தான் பி.எல். 480 சட்டப்படி அமெரிக்க உபரி கோதுமையை வாங்க இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோதுமை மாவைப் பிள்ளைகள் பிசைந்து எறியக் கொடுக்கும் ஒரு சமூகமும், அதே கோதுமைக்குக் கப்பலை எதிர்பார்த்து நின்ற ஒரு சமூகமும் ஒரே ஆண்டில் இருந்தன. என் ஆத்தாவுக்கு மாவில் விளையாடுவது கடைசி வரை பிடிக்கவில்லை. "சோத்துல வெளையாடாதே" என்பார். பஞ்சத்தைப் பார்த்தவர்களின் அறம் அது. கேலி செய்ய ஒன்றுமில்லை.

மாவு எப்படி இப்படி வளைகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டு அழுத்திப் பிசையும்போது அதிலுள்ள புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு இழுவை தருகிறது. சூடாக்கும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கி வழவழப்பாகிறது. உப்பு பூஞ்சை வராமல் காக்கிறது, எண்ணெய் கையில் ஒட்டாமலும் சீக்கிரம் காயாமலும் பார்த்துக்கொள்கிறது, புளிப்பு மாவை மென்மையாக்குகிறது. அரிசி மாவில் அந்தப் புரத வலை கிடையாது. அதனால்தான் கொழுக்கட்டைக்குக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறுகிறோம். நம் சமையலறைகளுக்கு இந்த ரசாயனம் காப்புரிமைக்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

வீட்டில் செய்ய: மைதா இரண்டு டம்ளர், பொடியுப்பு ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர், எண்ணெய் இரண்டு பெரிய கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு பெரிய கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் சட்டியை விட்டுத் திரண்டு வரும். இறக்கி ஆறவைத்துப் பிசையவும். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு. காற்றுப் புகாத சம்படத்தில் போட்டால் சில வாரம் வரும். உப்பு அதிகம் என்பதால் குழந்தை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோதுமை ஒவ்வாத குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு சிறுபத்திரிகைக் கட்டுரையில் சமையல் குறிப்பா என்று கேட்கலாம். உற்பத்தி முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது உற்பத்தி செய்து பார்ப்பது நல்லது.

4

தமிழ்ப் பிரதிகளில் பிசைதலுக்கு நெடிய வரலாறு உண்டு. சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் ஈர மணலில் செய்யும் பாவை 'வண்டற்பாவை'. கோரைப்புல்லில் செய்தால் 'பஞ்சாய்ப்பாவை'. மணலில் கட்டும் சிறுவீடு 'சிற்றில்', பொய்யாகச் சமைப்பது 'சிறுசோறு'. நெய்தல் பாடல்களில் அலை வந்து வண்டற்பாவையை அழிக்கும், பெண் அழுவாள். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் ஒரு பருவத்தையே இதற்கு ஒதுக்குகிறது. சிறுமிகள் கட்டிய சிற்றிலை ஆண்குழந்தை காலால் சிதைக்க வருவான். சிதைக்காதே என்று அவர்கள் மன்றாடுவார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுக்க இந்த மன்றாட்டுத்தான்.

எம்.ஏ. வகுப்பில் இதை 'லீலை' என்று படித்தோம். பக்தி நயம் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். கட்டுவது பெண், சிதைப்பது ஆண் என்ற வேலைப்பிரிவினையை யாரும் சுட்டவில்லை. சிறுமிக்கு, தான் கட்டியதைத் தானே சிரித்துக்கொண்டு உதைக்கும் உரிமை இந்தப் பிரதிகளில் தரப்படுவதில்லை. அவள் கட்டினால் அது வீடு, சமைத்தால் அது சோறு. விளையாட்டின் பெயரில் குடும்பம் ஒத்திகை பார்க்கப்படுகிறது. பார்த் பிரெஞ்சுப் பொம்மைகளில் கண்டதை நாம் பிள்ளைத்தமிழில் காணலாம்.

இதற்கு மாறான ஒன்று நம் வட்டாரச் சடங்கிலேயே இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று கொங்குப் பகுதித் தோட்டங்களில் பட்டி நோம்பி நடக்கும். மாட்டுப் பட்டியில் சாணத்தாலும் மண்ணாலும் சின்னத் தெப்பக்குளம் கட்டுவோம். சாணியில் பிள்ளையார் பிடித்து, பூ வைத்து, குளத்தில் தண்ணீர் விட்டு, பூசை முடிந்ததும் மாட்டைப் பிடித்துவந்து குளத்தை மிதிக்க விடுவார்கள். அவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துக் கட்டியது ஒரு நொடியில் சேறு. குழந்தைகள் கத்திக் கூத்தாடுவோம், அழமாட்டோம். சிதைவதற்காகவே செய்த பொருள், சிதைவதும் விழாவின் பகுதி. ஆனால் இந்த விழா பட்டியும் மாடும் பூமியும் உள்ளவர்களின் விழா என்பதை மறந்துவிட்டு இதைக் 'கொங்குப் பண்பாடு' என்று கொண்டாடிவிட முடியாது. பட்டியைக் கூட்டிச் சாணி அள்ளிப்போட்டவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தார்கள் என்பதும் அந்தச் சடங்கின் பகுதிதான்.

5

இப்போது என் பள்ளித்தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்பாண்டம் செய்யும் குடும்பம். பெயர் வேண்டாம் என்றாள். ஆறாம் வகுப்புக் கைத்தொழில் பீரியடில் குளத்து மண் கொண்டுவந்து ஏதாவது செய்யச் சொன்னார்கள். அவள் ஒரு மாம்பழம் செய்தாள். காம்பு, வளைவு எல்லாம் அச்சு அசலாக இருந்தது. நான் செய்தது யானையா பன்றியா என்று தெரியாத ஒன்று. ஆசிரியை அவளிடம் சொன்னார்: "உனக்கென்னம்மா, ரத்தத்துலயே இருக்குது." என்னிடம் சொன்னார்: "கற்பனை நல்லா இருக்குதே!" இருவருக்கும் பாராட்டுத்தான். என்னுடையது என் மனசிலிருந்து வந்தது, அவளுடையது அவள் சாதியிலிருந்து வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் அந்த மாம்பழத்தை வாய்க்காலில் போட்டுவிட்டாள். அதன் பிறகு மண்ணைத் தொடவே இல்லை.

வீட்டில் அவளுக்கு மண்ணில் விளையாட நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. குளத்திலிருந்து கொண்டுவந்து, கல் பொறுக்கி, ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்திய மண் அது. மிதிக்கிற வேலை பிள்ளைகளுக்கும் உண்டு. ஒரு உருண்டையை எடுத்துப் பொம்மை செய்து கெடுத்தால் அடி விழும். களிமண் துகள்கள் நுண்ணிய தட்டைகள். இடையில் தண்ணீர் இருக்கும்வரை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு எந்த வடிவத்துக்கும் வரும். சூளையில் ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டினால் துகளுக்குள்ளேயே கட்டுண்ட நீர் வெளியேறி, திரும்ப மண்ணாக முடியாத பொருளாகிவிடும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்கிறோமே, அது இதுதான். குயவர் வீட்டுப் பிள்ளையைச் சமூகம் பிறந்தவுடனே சுட்டுவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் கொஞ்ச காலமாவது பச்சை மண்ணாக இருக்கலாம்.

நவீனக் கல்வியின் வரலாற்றில் மண்ணுக்கு மரியாதையான இடம் இருந்திருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரோபெல் 1840-இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்ட பள்ளிமுறையில் மண்ணுருவம் செய்வது ஒரு முக்கியச் செயல்பாடு. 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களையே தடைசெய்தது. அவை நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றன என்ற சந்தேகம்தான் அதற்குக் காரணம். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆனால் அவருடைய முறையில் மண் என்பது பெரும்பாலும் குவளை வனைவதும் குட்டிச் செங்கல் அறுப்பதும்தான். விளையாட்டு மறுபடி வேலையாகிறது.

நம் பகுதியில் இதன் இணை, காந்தியின் ஆதாரக்கல்வி. 1937 வார்தா மாநாட்டில் உருப்பெற்ற இத்திட்டத்தின் முக்கியமான தளங்களில் ஒன்று பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயம். 1930-இல் அதைத் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தார். கையால் செய்து கற்பது என்ற கொள்கைக்குத் தமிழ்நாட்டில் நிறுவன வடிவம் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். அங்கே பணியாற்றிய பெரியசாமித் தூரன் 'குழந்தை உள்ளம்' என்று நூல் எழுதினார், பின்னர் குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியத்துக்கும் ஆசிரியரானார். குழந்தையின் மனம் என்ற பொருளைத் தமிழில் எழுதத் தொடங்கியவர்களில் நம் வட்டாரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. இந்த முயற்சிகளை அலட்சியமாக ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. ஏட்டுப்படிப்பு மட்டுமே படிப்பு என்ற பார்ப்பனியக் கருத்துக்கு எதிராகக் கையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவை அவை.

ஆனால் கை என்றால் யாருடைய கை என்ற கேள்வி அவற்றுக்குள் எழவில்லை. அது 1953-இல் வெடித்தது. ராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக்கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் பெற்றோரின் தொழிலில். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தப் பெயரிடல்தான் முக்கியமான தலையீடு என்பேன். அதே கைவேலை, அதே மண், ஆனால் பிறப்போடு கட்டிவிட்டால் அது கல்வி ஆகாது. என் தோழியின் ஆசிரியை திட்டம் கைவிடப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வாக்கியத்தைப் பாராட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2023-இல் ஒன்றிய அரசு அறிவித்த விஸ்வகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களில் மண்பாண்டமும் உண்டு. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எதிர்த்துத் தமிழக அரசு 2024 நவம்பரில் அதை அந்த வடிவில் ஏற்க மறுத்தது. வாதம் முடிந்துவிடவில்லை.

6

சரி, மண்தான் எங்கே இருக்கிறது?

நொய்யல் கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பிராமிப் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இந்தப் பகுதியில் எழுத்து முதலில் கிடைப்பது மண்ணின் மேல்தான். அதே நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதில் திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் வரை, அதன் பிறகும்கூட, அந்த ஆற்றின் வண்டல் குழந்தை கையில் கொடுக்கக்கூடிய வண்டலாக இல்லை. சங்கச் சிறுமி வண்டற்பாவை செய்த 'வண்டல்' என்ற சொல் இங்கே ரசாயனச் சொல்லாகிவிட்டது.

கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கு. மலையடிவாரச் செம்மண்ணை லாரி லாரியாக வெட்டி எடுத்துச் செங்கல் சுட்டார்கள். ஓடைகள் பள்ளமாயின. ஊர்க்காரர்களின் நீண்ட போராட்டத்துக்கும் வழக்குகளுக்கும் பின் 2021-இல் நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. பொதுவாகத் தமிழ்நாட்டுச் செங்கற்சூளைகளில் பெற்றோரோடு வந்த குழந்தைகள் காயும் கல்லைத் திருப்பிப் போடுவதைப் பார்த்திருப்போம். மண்ணில் கை வைக்கும் குழந்தைகளில் அவர்களையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். இன்னொரு பக்கம், குளத்தில் ஒரு வண்டி மண் எடுக்க மண்பாண்டத் தொழிலாளர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். 2024-இல்தான் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று நடைமுறை எளிதாக்கப்பட்டது. சிதைக்கும் உரிமை மூலதனத்துக்குத் தாராளமாக இருந்தது. செய்யும் உரிமைக்குக்கூட மற்றவர்கள் மனுப் போட வேண்டியிருந்தது.

ஆகவே, 'மண்ணுக்குத் திரும்புவோம்' என்று முழக்கமிட நான் தயாரில்லை. மண்ணில் கொக்கிப்புழு இருக்கிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். கழிப்பறையும் செருப்பும் இல்லாத பிள்ளைக்கு மண் நோய். மண்ணைப் புனிதமாக்குவதும் அழுக்காக்குவதும் ஒரே மனோபாவத்தின் இரண்டு பக்கங்கள். உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலை ஒட்டி மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களைக் காணிக்கையாகக் கொண்டு போகிறார்கள். அந்த உருவாரத்தைக் கும்பிட்டு வைக்கிற கை, அதைச் செய்த கையோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடுமா என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

7

இந்தக் கட்டுரைக்காகத் தோழியை இப்போது மறுபடி சந்தித்தேன். அவளுக்கும் ஒரு மகள், என் மகள் வயதுதான். சிற்றில், வண்டல், குலக்கல்வி என்று நான் பேசிக்கொண்டே போனேன். குழந்தைகளுக்கு மண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"உங்கூட்டுல மண்ணுன்னா பூமி. எங்கூட்டுல மண்ணுன்னா வேலை. எம் பொண்ணு கையில மண்ணு ஒட்டுனா எனக்குப் பதறுதுடி. க்ளே டப்பா எத்தன ரூவா ஆனாலும் வாங்கித் தர்றேன். அவ பண்ணுறா, கெடுக்குறா, மறுபடி பண்ணுறா. 'உனக்கு ரத்தத்துலயே இருக்குது'ன்னு எவளும் சொல்ல முடியாது பாரு."

என்னிடம் பதில் இல்லை. நான் சந்தையின் தந்திரம் என்று வாசித்த அதே டப்பாவை அவள் விடுதலை என்று வாசிக்கிறாள். அவள் வாசிப்பு என்னுடையதைவிடச் சரி என்றே தோன்றுகிறது. சாதியின் நினைவே இல்லாத ஒரு பிசைபொருள் அவளுக்குத் தேவைப்படுகிறது. அமெரிக்கச் சுவர் துடைப்பு மாவு, யாரும் திட்டமிடாமலே, இங்கே அந்த வேலையைச் செய்கிறது. அதற்கு அவள் கொடுக்கும் விலைதான் என்னை உறுத்துகிறது. அந்த விலை கொடுக்க முடியாத வீடுகள் எத்தனை?

அதனால் சில எளிய விஷயங்களை முன்வைக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மாவோ மண்ணோ, பிசைபொருள் இலவசமாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும். மேலே சொன்ன மைதா உருண்டைக்குப் பெரிய செலவில்லை. மண் என்றால் கழிவு கலக்காத இடத்து மண், சலித்து வெயிலில் காயவைத்தது. பிசைந்து முடித்ததும் கை கழுவத் தண்ணீரும் சோப்பும். பிள்ளை செய்ததற்கு மதிப்பெண் போடக்கூடாது, கண்காட்சிக்கு எடுத்து வைக்கவும் கூடாது. பீரியட் முடியும்போது எல்லாரும் தம் உருவத்தைத் தாமே அமுக்கி ஒரே உருண்டையாகச் சேர்த்துவிட வேண்டும். எந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தும் அதன் ரத்தத்தைப் பற்றி ஆசிரியர் பேசக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

விடைபெறும்போது தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல எம் பொண்ணு க்ளேயில நல்லா வெளையாடட்டும். அப்புறமா உம் பொண்ணு மண்ணுல எறங்கட்டும். ரெண்டும் ஆனதுக்கப்புறம் உங்க பத்திரிகைல மண்ணப் பத்தி எழுதுங்க." அவள் சொன்ன வரிசையில் காரியம் நடந்து முடிவதற்கு முன்பே நான் எழுதிவிட்டேன். இதில் உள்ள குறைகளை, குறிப்பாக மண்ணைத் தொழிலாக அறிந்தவர்கள், எழுத வேண்டும்.